ஊசியும் ஓய்வுநாளும்

நாட்டிங்காம் நகருக்குச் சுற்றுலாவாகச் செல்பவர்கள் கோட்டையையும் இராபின் ஹூட் சிலையையும் பார்த்துவிட்டு நிறைவோடு திரும்புவார்கள். அந்நகரில் ஓராண்டுக் காலம் ஆயத்த ஆடை வணிகத்தில் முதுகலை பயின்ற நான், படிப்பு முடிந்து ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரத்தில்தான் ஊர் சுற்றப் புறப்பட்டேன். அது 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். கோட்டை புதுப்பிப்புப் பணிக்காக மூடப்பட்டிருந்தது. எனவே மதிலையும் சிலையையும் வெளியே நின்று பார்த்தேன். வில்லை வளைத்து நிற்கும் அந்த வெண்கல வீரரைப் பற்றி எழுத எனக்கு அதிகமில்லை.

என் ஆவல் வேறொன்றில் இருந்தது. எங்கள் குன்னத்தூரிலிருந்து விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குப் புறப்படும் கம்பெனி வண்டிகளுக்கும், நாட்டிங்காமுக்கு அருகேயுள்ள கால்வர்ட்டன் என்ற சிற்றூருக்கும் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட உறவு ஒன்று உண்டு. திருப்பூரில் பனியன் துணி பின்னுகின்ற ஒவ்வோர் எந்திரத்திற்கும் கால்வர்ட்டனே பூர்வீகம். வில்லியம் லீ என்பவர் 1589-இல் பின்னல் சட்டத்தை உருவாக்கியது அங்கேதான். அவர் அவ்வூர் ஆலயத்தில் பணியாற்றிய குரு என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவர் மணமுடிக்க விரும்பிய பெண் எந்நேரமும் காலுறை பின்னுவதிலேயே கவனமாக இருந்தாளாம். அந்தக் கைகளுக்கு ஓய்வு தருவதற்காகவே எந்திரம் செய்தார் என்பது ஒரு கதை. தன்னைக் கவனிக்காத அவள்மீது கொண்ட கோபத்தில் செய்தார் என்பது இன்னொரு கதை. முதற்கதையே எனக்குப் பிடித்திருக்கிறது. சான்று இரண்டுக்கும் இல்லை.

எலிசபெத் அரசி அவருக்குக் காப்புரிமை தர மறுத்துவிட்டார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைப் பெண்கள் வேலையிழந்து தெருவுக்கு வருவார்களே என்ற கவலையே காரணம் என்பார்கள். லீ பிரான்சு நாட்டுக்குப் போனார். அங்கு ஆதரவளித்த நான்காம் ஹென்றி மன்னர் 1610-இல் கொல்லப்பட்டார். சில ஆண்டுகளில் லீயும் பாரிசில் மறைந்தார். அவருடைய தம்பியும் தொழிலாளர்களும் எந்திரங்களோடு இங்கிலாந்துக்குத் திரும்பியதால்தான் அக்கலை பிழைத்தது.

சனிக்கிழமை காலையில் நகரப் பேருந்தில் கால்வர்ட்டன் சென்றேன். அங்கே பெரிதாகப் பார்க்க ஒன்றுமில்லை. பழைய பின்னலாளர் வீடுகள் சில உள்ளன. அவற்றின் சாளரங்கள் மட்டும் வீட்டின் அளவுக்குப் பொருந்தாமல் அகன்று கிடக்கின்றன. விளக்கெண்ணெய்க்குக் காசில்லாத மனிதர்கள், கடைசி வெளிச்சம் வரை வேலை செய்வதற்காக அப்படிக் கட்டிக்கொண்டார்கள். அந்தச் சாளரங்களின் முன் நான் சிறிது நேரம் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள், திரைச்சீலை போட்டிருந்தார்கள்.

நண்பகலுக்குப் பின் நகரின் தெற்கே உள்ள ரடிங்டனுக்குச் சென்றேன். 1829-இல் எழுந்த பின்னற்கூடங்களையும் தொழிலாளர் குடியிருப்புகளையும் அங்கே ஓர் அருங்காட்சியகமாகக் காத்து வருகிறார்கள். வரிசையாக நிற்கும் கைச்சட்டங்களில் ஒன்றை ஒரு முதியவர் இயக்கிக் காட்டினார். இரு கைகளும் இரு கால்களும் ஒருசேர வேலை செய்ய வேண்டும். ஒரு வரிசைக் கண்ணிகள் விழும்போது எழும் ஓசை, தாளம் தவறிய தறியோசை போல் இருந்தது. அருகே இருந்த சிறு வட்டப் பின்னல் எந்திரத்தைப் பார்வையாளர்கள் சுழற்றிப் பார்க்கலாம். நான் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நூலைக் கவ்வி இறங்கின. கொக்கியும், அதை மூடித் திறக்கும் சிறு நாக்கும் உள்ள ஊசி. அண்டை நகரமாகிய லெஸ்டரைச் சேர்ந்த மேத்யூ டவுன்செண்ட் 1847-இல் உருவாக்கியது. நான் சிறுமியாக இருந்தபோது, எங்கள் தெருவில் நிட்டிங் கம்பெனிக்குச் சென்று வந்த அண்ணன் ஒருவர், தேய்ந்து கழித்த ஊசிகளை எங்களுக்கு விளையாடக் கொண்டுவந்து தருவார். அந்தச் சிறு நாக்கைத் திறந்தும் மூடியும் மணிக்கணக்கில் விளையாடுவோம். அதே ஊசி. வழிகாட்டிய முதியவரிடம் இதைச் சொன்னபோது அவர் மகிழ்ந்துபோய், உடன்வந்த மற்றவர்களை எல்லாம் அழைத்து என்னைச் சுட்டிக்காட்டி, இவர் ஊரில்தான் இப்போது இது நடக்கிறது என்றார்.

அந்தக் கூடங்களில் வாழ்ந்தவர்களின் கணக்கு வழக்குதான் என் மனத்தை விட்டு அகலாதது. எந்திரம் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. வாடகைக்கு எடுக்க வேண்டும். நூல் வராத வாரத்திலும் வாடகை உண்டு. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஓர் இடைத்தரகர். நூல் தருபவரும் அவரே, கூலி கொடுப்பவரும் அவரே, கூலியில் பிடித்தம் செய்பவரும் அவரே. சில இடங்களில் காசுக்குப் பதில் அவருடைய கடைச் சாமானே கூலி. 1811-இல் நாட்டிங்காமை அடுத்த ஊர்களில் எந்திரங்களை உடைக்கத் தொடங்கினார்கள். மறு ஆண்டே அக்குற்றத்துக்குத் தூக்குத் தண்டனை என்று சட்டம் வந்தது. அச்சட்டத்தை எதிர்த்துப் பிரபுக்கள் சபையில் தம் முதல் உரையை ஆற்றியவர் கவிஞர் பைரன். எந்திர வாடகையைச் சட்டம் ஒழித்தது 1874-இல்தான்.

இன்னொரு செய்தியையும் அன்று நினைத்துப் பார்த்தேன். அக்காலக் கைத்தொழிலாளர்களிடையே திங்கட்கிழமைக்கு 'புனிதத் திங்கள்' என்று ஒரு வேடிக்கைப் பெயர் இருந்தது. வாரக் கடைசியில் இரவு பகலாக உழைத்துச் சனியன்று துணியை ஒப்படைத்து, ஞாயிறும் திங்களும் ஓய்ந்து கிடப்பார்களாம். சனிக்கிழமை சம்பளம் வாங்கித் திங்கட்கிழமை ஆள் வராத வழக்கத்தைப் பற்றித் திருப்பூர்க் கம்பெனிகளில் மேலாளர்கள் இன்றும் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். அது சோம்பல் என்பது அவர்கள் தீர்ப்பு. ஒன்றரை ஷிப்டு நின்று வேலை செய்தவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு போதவில்லை என்பது என் எண்ணம்.

மறுநாள் ஞாயிறு காலை எட்டு மணிக்கு அம்மா தொலைபேசியில் அழைத்தார்கள். நம் ஊரில் அப்போது நண்பகல் பன்னிரண்டரை. பின்னணியில் தூக்குப்போசி மூடும் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டன.

"கம்பெனியிலயா இருக்கற?"

"ஆமா அம்மிணி. செவ்வாக்கிழமை மால் கெளம்போணுமாம். செக்கிங்குல பூராப் பேரும் வந்திருக்கறோம்."

"அப்ப பூசைக்குப் போகலையாம்மா?"

"நீதான் போறயில்ல. எனக்குஞ் சேத்திக் கும்புட்டுக்க."

சலிப்போ புகாரோ இல்லாத குரல். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்கள் என் அம்மா. எங்கள் தெருவில் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறித் திருப்பலிக்குச் சென்று வருவது எங்களுக்குப் பாதி நாள் வேலை. ஷிப்மெண்ட் நெருங்குகிற வாரங்களில் அந்தப் பாதி நாளும் கிடைக்காது. அதற்கு ஈடாக ஞாயிறு வேலைக்குக் கூடுதல் கூலி உண்டு. அம்மா அதை வீட்டுச் செலவில் சேர்க்காமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் தனியே போட்டு வைப்பார்கள். என் பள்ளிக் கட்டணம் அந்த டப்பாவிலிருந்துதான் வந்தது. எத்தனை ஞாயிறுகள் சேர்ந்து ஓர் ஆண்டுக் கட்டணம் ஆயின என்று நான் கணக்கிட்டதில்லை. அம்மா கணக்கு வைத்திருக்கக்கூடும்.

நாட்டிங்காம் மறைமாவட்டப் பேராலயம் திருத்தூதர் பர்னபாவின் பெயரால் அமைந்தது. தம் நிலத்தை விற்றுப் பணத்தைத் திருத்தூதர்களின் காலடியில் வைத்தவர் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறும் அதே பர்னபா. ஆலயத்தை வடிவமைத்தவர் அகஸ்டஸ் பியூஜின். இலண்டன் நாடாளுமன்ற மாளிகையின் உள்ளழகையெல்லாம் வரைந்தவர் அவர்தான். 1829-இல் கத்தோலிக்கருக்கு நாட்டில் உரிமைகள் திரும்பி வந்தபின், அஞ்சாமல் தலைநிமிர்த்திக் கட்டிய ஆலயங்களுள் இதுவும் ஒன்று. 1844-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அது நேர்ந்தளிக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் கடுமையான கல் கட்டடம். உள்ளே ஈட்டிமுனை போன்ற குறுகிய சாளரங்கள் வழியாக மங்கிய ஒளி இறங்குகிறது. கண் பழகச் சற்று நேரமாகும்.

அதே 1844-இல்தான் பின்னலாளர்களின் அவலநிலையை விசாரிக்க அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. கோபுரம் எழும்பிய ஆண்டும், அதன் நிழலில் வாழ்ந்த காலுறைத் தொழிலாளிகள் சோற்றுக்கு வழியில்லை என்று சாட்சி சொல்லத் தொடங்கிய ஆண்டும் ஒன்றே. திருச்சபை அதைப் பாராமல் இருந்துவிடவில்லை என்றாலும், கூலியையும் ஓய்வுநாளையும் பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ உலகறியச் சுற்றுமடல் எழுத 1891 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2025-இல் பொறுப்பேற்ற திருத்தந்தை லியோ, அந்த லியோவை எண்ணியே இப்பெயரை ஏற்றதாகச் சொன்னபோது எனக்கு இந்த ஆலயம் நினைவுக்கு வந்தது. நம் நாட்டில் ஞாயிறு விடுமுறை ஏதோ ஆங்கிலேயர் வழங்கிய கொடை என்று நினைப்பவர் உண்டு. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் பல்லாண்டு போராடி 1890-இல் பெற்றுத் தந்தது அது. அவர் கிறிஸ்தவர் அல்லர்.

அன்று பொதுக்காலம் இருபத்தைந்தாம் ஞாயிறு. ஆலயத்தில் கேரளச் செவிலியர் குடும்பங்களும், போலந்து நாட்டவரும், ஆப்பிரிக்க மாணவர்களும், ஆங்கிலேய, அயர்லாந்து முதியவர்களுமாகக் கலந்திருந்தார்கள். முதல் வாசகம் இறைவாக்கினர் ஆமோசின் நூலிலிருந்து. ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறந்து தானியம் விற்கலாமே என்று பொறுமையின்றிக் காத்திருக்கும் வணிகர்களை அவர் சாடுகிற பகுதி. நற்செய்தியோ, கணக்கை ஒப்படைக்கும்படி தலைவர் கேட்ட வீட்டுப் பொறுப்பாளரின் உவமை. இந்த வாசகங்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை வருகின்றன. நானும் முன்பு கேட்டிருப்பேன். ஆனால் அம்மாவின் தூக்குப்போசிச் சத்தம் காதில் இருக்கும்போது கேட்டது அன்றுதான்.

ஏனெனில் என் படிப்பின் பொருளே அந்தக் கணக்குதான். ஆர்டர் கையெழுத்தான நாளிலிருந்து சரக்கு கப்பலேறும் நாள் வரை எத்தனை நாள் ஆகும், அதை எப்படிக் குறைப்பது என்பதைத்தான் ஓராண்டு பயின்றேன். தொண்ணூறு நாளை அறுபதாக்குவது சாமர்த்தியம். அறுபதை நாற்பத்தைந்தாக்குவது பெரிய சாமர்த்தியம். நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் ஒரு கட்டம். எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட அட்டவணையில் ஏழு நாளும் ஒரே நிறம். நாட்டிங்காமில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் தேதியை இரண்டு நாள் முன்னுக்கு இழுத்துவிட்டு வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிறார். அந்த இரண்டு நாள் திருப்பூரில் எங்கிருந்து எடுக்கப்படும் என்பது அட்டவணையில் தெரியாது. எனக்குத் தெரியும். ஊர் திரும்பியதும் திருப்பூரில் வெளிநாட்டு வணிகர்களுக்காக ஆர்டர்களைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் சேரும்படி என் கையில் கடிதமும் இருந்தது. தேதி போடுகிற நாற்காலி அது.

திருவிருந்துக்குப் பின் பக்கப் பீடம் ஒன்றின் அருகே சென்றேன். அங்கே அன்னை மேரி பாட்டர் துயில்கிறார். 1847-இல் இலண்டனில் பிறந்து, 1877-இல் நாட்டிங்காமின் ஹைசன் கிரீன் பகுதியில், மரணத் தறுவாயில் இருப்போரோடு உடனிருந்து செபிக்கவும் பணிவிடை செய்யவும் 'மரியாவின் சிறு குழு' என்னும் துறவற சபையைத் தொடங்கியவர். 1913-இல் உரோமையில் இறந்த அவருடைய உடல் 1997-இல் இப்பேராலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. 1988-இல் வணக்கத்துக்குரியவர் என்ற நிலைக்கு உயர்த்தப்பட்டவர். இவையெல்லாம் வரலாறு. என்னை நிற்கவைத்தது வேறொன்று. அவரும் தோழியரும் தங்கள் முதல் மடமாக ஆக்கிக்கொண்டது, கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய காலுறைத் தொழிற்கூடத்தை. நம் வழக்கில் சொன்னால், மூடிக் கிடந்த ஒரு பனியன் கம்பெனி. அதைக் கழுவித் துடைத்து நற்கருணை நாதரை அதில் குடியேற்றினார்கள். வேலை போன இடத்தில் செபம் வந்தது. அக்கம்பக்கத்து ஏழைகளின் சாவுப் படுக்கைகளுக்கு அங்கிருந்துதான் நடந்து சென்றார்கள். அவர்கள் உடனிருந்து கண்மூடிவைத்தவர்களில் எத்தனை பேர் அதே தொழிற்கூடத்தில் உழைத்தவர்களோ!

அம்மா கேட்டுக்கொண்டபடி அவர்களுக்கும் சேர்த்து மன்றாடினேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. வேலை போய்விடக்கூடாது என்றும் கேட்க வேண்டும். வேலை குறைய வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.

திருப்பலி முடிந்தபின் மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். ஒரு முதிய அம்மையார் என் எதிரே வந்து அமர்ந்தார். எந்த ஊர் என்று விசாரித்தார். திருப்பூர் என்றதும் அவருக்குத் தெரியவில்லை. பின்னலாடை ஊர் என்றேன். உடனே கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சிறிதும் தயங்காமல் என் சட்டையின் கீழ்விளிம்பைப் புரட்டிப் பார்த்தார். விளிம்பைக் கட்டை விரலால் இழுத்து, தையலைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்த அந்த விதம் அச்சாக அம்மாவுடையது. அம்மாவும் கடைத்தெருவில் அயலார் குழந்தையின் சட்டையைக்கூட அப்படிப் புரட்டிப் பார்த்துவிடுவார்கள்; உடன் செல்லும் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

"நல்ல ஓவர்லாக்" என்றார். அதே சொல்! பதினைந்து வயதில் ஒரு காலுறைக் கம்பெனியில் சேர்ந்தாராம். நாற்பது ஆண்டுகள். பிறகு ஒரு நாள் எல்லோரையும் கூட்டி, கம்பெனி மூடப்படுகிறது, உற்பத்தி வெளிநாட்டுக்குப் போகிறது என்று அறிவித்தார்களாம். எந்த நாடு என்று சொல்லவில்லையாம். "என் வேலையை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தேன். உன் அம்மாவாக இருக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். அதில் கசப்பில்லை, இருந்திருந்தால் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும்.

பிறகு அவர் கேட்ட கேள்வி இதுதான்: "உன் அம்மாவுக்கு வாரத்தில் எந்த நாள் ஓய்வு?"

ஞாயிறு என்றேன். இன்று என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். கம்பெனிக்குப் போயிருக்கிறார்கள் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து சென்று எனக்கு இன்னொரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

ஊர் திரும்பி அந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். கல்விக் கடன் இருந்தது. சேராமல் இருக்க வழியில்லை. வழி இருந்திருந்தாலும் சேர்ந்திருப்பேன் என்றே நினைக்கிறேன். முதல் மாதத்தில் நான் தயாரித்த அட்டவணைகளில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சாம்பல் நிறமாக்கி, அவற்றை எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டேன். எனக்கு மேலே இருந்தவர் பண்பாகவே கேட்டார்: "வங்கதேசத்துக்காரன் ஒரு வாரம் முன்னாடி தர்றேங்கறான். நீங்க ஞாயித்துக்கெழமையக் கழிச்சுக் கணக்குப் போடறீங்களே?" கேள்வியில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆர்டர் வேறு நாட்டுக்குப் போனால் ஞாயிறு மட்டுமல்ல, திங்களும் செவ்வாயும்கூட ஓய்வுநாளாகிவிடும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதையும் கண்டோம். தொற்றுக்காலத்தில் ஆர்டர்கள் வரிசையாக ரத்தாகி, ஒரு நகரம் முழுவதற்கும் கட்டாய ஓய்வு வந்தது. அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே நான் பேரம் பேசக் கற்றுக்கொண்டேன். சாயத்துக்கு வண்ண ஒப்புதல் தருவதில் வணிகர் தரப்பில் வீணாகும் நாட்கள் ஏராளம். ஒரு மாதிரித் துண்டு அவர்கள் மேசையில் பத்து நாள் கிடக்கும். அந்தப் பத்தில் நான்கை மீட்டால் கடைசியில் செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் இரண்டு ஞாயிறு மிஞ்சும். மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்புவேன். சில வணிகர்கள் இசைந்தார்கள். சிலர் பதிலே எழுதவில்லை. இசைந்த ஆர்டர்களில்கூடச் சில வேளைகளில் நூல் தாமதம், மின்வெட்டு என்று ஏதாவது வந்து ஞாயிற்றை விழுங்கிவிடும். பத்து ஆர்டரில் நான்கில் சாம்பல் நிறம் கடைசி வரை நிலைக்கிறது. அலுவலகத்தில் எனக்கு 'ஞாயித்துக்கெழமை மேடம்' என்று பெயர்.

அம்மாவின் கம்பெனி எங்கள் அலுவலகத்துக்குச் சரக்குத் தருவதில்லை. அங்கே தேதி போடுவது வேறு யாரோ. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு சம்பளக் கவரோடு வந்தவர்கள், நாளைக்கும் கம்பெனி உண்டு என்றார்கள். பிறகு சற்றுப் பொறுத்து, "நான் வரமாட்டேன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன் அம்மிணி" என்றார்கள். நான் காரணம் கேட்கவில்லை. முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று மட்டும் அவர்கள் கேட்டார்கள். பார்த்துச் சொன்னேன்.